ஏழு நாளில் ஆறு ஊர் வேண்டாம் பாஸ்... வியட்நாமை நிதானமா சுத்திப் பார்ப்பது எப்படி?

உங்க வாட்ஸ்அப் குரூப்லயும் அந்த ஸ்க்ரீன்ஷாட் வந்திருக்கும். மேலே பெரிய எழுத்தில் 'வியட்நாம் - 6 இரவுகள், 7 பகல்கள்'. கீழே வரிசையாக ஹனோய், சாப்பா, ஹா லாங், டா நாங், ஹோய் ஆன், ஹோ சி மின் சிட்டி. ஒவ்வொரு ஊருக்குப் பக்கத்திலும் ஒரு எமோஜி. யாராவது ஒருத்தர் ''மச்சி, இந்த வருஷம் கண்டிப்பா!'' என்பார். மூணு பேர் தம்ஸ்அப் போடுவாங்க.

சில வருஷம் முன்னாடி எங்க குரூப்பில் அந்த ஸ்க்ரீன்ஷாட்டைத் தயாரித்ததே நான்தான். காலேஜ் தோழிகள் இருவரும் நானும் கிளம்பினோம். ஆறு ஊரையும் 'முடித்தோம்'. ஹோய் ஆனுக்கு இரவு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்து, மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிட்டோம். உலகமே பார்க்க வரும் அந்த ஊரின் விளக்குகளை நாங்கள் பார்த்தது டாக்ஸி ஜன்னல் வழியாக. அதைக்கூட விடுங்க. நாலாவது நாள், தூக்கம் கெட்டு அலைந்ததில் ஒரு தோழிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஒன்றரை வருஷம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வந்தவள். ஹா லாங் விரிகுடாவில் படகில் போக வேண்டிய நாளை, ஸ்க்ரீனை இழுத்துவிட்ட ஹோட்டல் ரூமில் போர்வைக்குள் கழித்தாள். திரும்பி வந்த பிறகும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் அதே நாட்டுக்கு அம்மாவோடு போனேன். அம்மாவுக்கு 54 வயது, முதல் பாஸ்போர்ட், முழங்கால் வலி. இந்த முறை 9 நாள், மூணே ஊர். இரண்டு பயணத்துக்கும் நடுவில் நான் கத்துக்கிட்டதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போறேன்.

ஒரு ஊர் மாற எவ்ளோ நேரம் ஆகும்?

கூகுளில் பார்த்தால் டா நாங்கிலிருந்து ஹோ சி மின் சிட்டிக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்னு காட்டும். அதை நம்பித்தான் நாம எல்லாரும் பிளான் போடுறோம். நிஜத்தில் என்ன நடக்குதுன்னு பாருங்க. காலையில் எழுந்து பெட்டி கட்டணும். சார்ஜரைத் தேடணும். 11, 12 மணிக்குள் ரூமைக் காலி செய்யணும். இரண்டு மணி நேரம் முன்னாடியே ஏர்போர்ட்டில் நிக்கணும். இறங்கி, பெட்டி வந்து, கார் பிடித்து, ஹோட்டலுக்குப் போனால் ''செக்-இன் இரண்டு மணிக்குத்தான்'' என்பார்கள். மொத்தமாகக் கூட்டினால் ஆறேழு மணி நேரம். பகலில் பாதிக்கு மேல் காலி.

ஆறு ஊர் என்றால் ஐந்து முறை இடம் மாறணும். அதாவது ஏழு நாளில் இரண்டரை நாள் பெட்டியோடுதான் இருப்பீங்க. போகிற நாள், வருகிற நாளையும் கழித்துப் பாருங்க. கையில் மிஞ்சுவது இரண்டரை நாள். ஆறு ஊருக்கு!

அதனால் 'எத்தனை இடம்?' என்று ஆரம்பிக்காதீங்க. 'எத்தனை இரவு?' என்று எண்ணுங்க. ஒரு ஊரில் இரண்டு இரவுக்குக் குறைவாகத் தங்கப்போறீங்க என்றால், அந்த ஊரைப் பட்டியலிலிருந்து எடுத்துடுங்க. நான் வெச்சிருக்கிற ஒரே ரூல் இதுதான்.

வியட்நாமில் இந்த ரூல் ரொம்பவே முக்கியம். காரணம், அந்த நாட்டின் உருவம். மேப்பில் பாருங்க, இங்கிலீஷ் 'எஸ்' எழுத்து மாதிரி ஒல்லியாக, நீளமாக இருக்கும். வடக்கே இருக்கும் ஹனோயிலிருந்து தெற்கே ஹோ சி மின் சிட்டிவரை ரயில் பாதை மட்டும் 1,726 கிலோமீட்டர். 30 மணி நேரத்துக்கும் மேல் ஓடும் ரயில் அது. ஒரே நாடுதான், ஆனா வடக்கு, நடு, தெற்கு மூன்றுக்கும் வெயில் வேற, மழை வேற, சாப்பாடு வேற.

தீபாவளி லீவுல போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

நம்மில் பலர் செய்யும் தப்பு இது. அக்டோபர், நவம்பரில் தீபாவளி லீவோடு நாலு நாள் சேர்த்துக் கிளம்புவோம். நம்ம ஊரில் ஐப்பசியில் மழை கொட்டுகிறதே, வியட்நாமின் நடுப்பகுதியிலும் ஏறக்குறைய அதே கதைதான். அங்கேயும் கடல் கிழக்குப் பக்கம், அங்கேயும் வடகிழக்குப் பருவக்காற்றுதான் மழையைக் கொண்டுவருகிறது. செப்டம்பரில் ஆரம்பித்து டிசம்பர் வரை இழுக்கும். அக்டோபரும் நவம்பரும் உச்சம். ஹோய் ஆனில் ஆறு கரையேறி வீதிக்குள் வருவது அந்த ஊர்க்காரர்களுக்குப் பழகிய விஷயம். 2025 அக்டோபர் கடைசியில் ஹுவே, ஹோய் ஆன் இரண்டு ஊர்களிலுமே பெருவெள்ளம்.

தீபாவளி லீவை விட்டால் வேற வழி இல்லையா? வடக்கே போங்க. ஹனோயில் அதே மாதங்களில் இதமான வானிலை, மழை குறைவு. நடுவும் தெற்கும் பார்க்கணும் என்றால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பெஸ்ட். முழுப்பரீட்சை லீவுக்கு முன்னாடியோ, சித்திரைப் பிறப்பை ஒட்டியோ லீவு கிடைத்தால் விடாதீங்க.

இதில் ஒரு வாரத்தை மட்டும் தவிர்த்துடுங்க. 'டெட்' எனப்படும் அவர்களின் புத்தாண்டு. சந்திர நாள்காட்டிப்படி வருவதால் தேதி மாறும், ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி 20-க்கும் நடுவில் எங்கோ விழும். பொங்கலுக்குக் கோயம்பேட்டில் நிற்கும் கூட்டத்தை நாடு முழுக்க நினைத்துப் பாருங்க. ரயில் டிக்கெட் கிடைக்காது, பாதிக் கடைகள் மூடியிருக்கும்.

9 நாள், 8 இரவு, 3 ஊர்

ஆபீஸில் ஐந்து நாள் லீவு. முன்னும் பின்னும் சனி, ஞாயிறு. மொத்தம் 9 நாள். வெள்ளி இரவு சென்னையில் ஏறி, சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ பாங்காக்கிலோ மாறி, சனிக்கிழமை டா நாங்கில் இறங்குங்க. டா நாங் நாட்டின் நடுவில் இருக்கும் கடற்கரை நகரம். அங்கே தங்க வேண்டாம், 30 கிலோமீட்டரில் இருக்கும் ஹோய் ஆனுக்கு நேராகப் போயிடுங்க. அங்கே நாலு இரவு, ஹுவேயில் இரண்டு இரவு, கடைசியாக ஹோ சி மின் சிட்டியில் இரண்டு இரவு. ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்தே ஊருக்கு ஃபிளைட்.

இதில் கவனிக்க வேண்டியது, இறங்குவது ஒரு ஊர், கிளம்புவது வேறு ஊர். டிக்கெட் தளங்களில் 'ரவுண்ட் டிரிப்' போடாமல் 'மல்ட்டி சிட்டி' என்பதை அழுத்தித் தேடுங்க. பெரும்பாலும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. கொஞ்சம் கூடினாலும், திரும்ப டா நாங்குக்கே வந்து ஃபிளைட் பிடிக்கிற டிக்கெட் காசையும் அரை நாளையும் கணக்குப் போட்டால் லாபம்தான்.

''அப்போ ஹனோய்? ஹா லாங்?'' என்று கேட்கிறீங்க, புரியுது. இந்த முறை கிடையாது. இரண்டு வாரம் லீவு கிடைக்கிற பாக்கியசாலியா இருந்தால் வடக்கையும் சேர்த்துக்கோங்க. 9 நாளில் வடக்கு, நடு, தெற்கு மூணும் என்றால் திரும்ப அந்த ஸ்க்ரீன்ஷாட்டுக்கே வந்துடுவோம்.

ஹோய் ஆனில் ஏன் நாலு இரவு?

ஹோய் ஆன் ரொம்பச் சின்ன ஊர். சீன, ஜப்பானிய வணிகர்கள் வந்து தங்கிய பழைய துறைமுகம், 1999 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. மஞ்சள் சுவர் வீடுகள், ஓட்டுக் கூரைகள், ஆற்றங்கரை. பழைய வீடுகளையும் சீன மன்றங்களையும் பார்க்க ஒரு டிக்கெட் வாங்கணும், 1,20,000 டாங். பட்டியல் போட்டுப் பார்த்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். அதனால்தான் எல்லாரும் ஒரு இரவோடு கிளம்பிடுறாங்க.

ஆனா பகல் பதினொரு மணியிலிருந்து அந்த வீதிகளில் டா நாங்கிலிருந்து பஸ்ஸில் வரும் கூட்டம்தான் இருக்கும். ஊர் ஊராக இருப்பது காலை ஆறு மணிக்கு. நாலு நாள் தங்கினால் நாலு காலை கிடைக்கும். முதல் நாள் காலை, ஒரு பிளாட்பாரக் காபிக்கடையில் முழங்கால் உயரப் பிளாஸ்டிக் ஸ்டூலில் அம்மா சிரமப்பட்டு உட்கார்ந்தாங்க. வியட்நாம் காபி கண்டென்ஸ்டு மில்க்கும் ஐஸும் போட்டு வரும். ஐஸ் வேண்டாம்னு அம்மா கையை ஆட்டிக் காட்டினாங்க. இரண்டாம் நாளும் அதே கடை, அதே கையாட்டல். மூணாம் நாள் நாங்க போய் நின்றதும், அந்தக் கடைக்கார அம்மா உள்ளே போய் உயரமான நாற்காலி ஒன்றைத் தூக்கிட்டு வந்து போட்டாங்க. கேட்காமலே காபி சூடா வந்தது. இரண்டு பேருக்கும் பேச ஒரு பொது மொழிகூடக் கிடையாது. அந்தப் பயணத்தைப் பற்றி அம்மா சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் முதலில் சொல்வது இந்த நாற்காலிக் கதையைத்தான்.

இன்னொரு காரணம், டெய்லர்கள். ஹோய் ஆன் தையலுக்குப் பேர் போன ஊர். '24 மணி நேரத்தில் கோட் ரெடி' என்று போர்டு இருக்கும். ஆனா முதல் நாள் அளவு, இரண்டாம் நாள் போட்டுப் பார்த்தல், மூணாம் நாள் திருத்தம் என்று போனால்தான் தோள்பட்டை ஒழுங்காக உட்காரும். நான் ஒரு லினன் சட்டை தைத்தேன். அம்மா கைப்பையிலிருந்து பழைய ஜாக்கெட் ஒன்றை எடுத்து அளவுக்குக் கொடுத்தாங்க (இதுக்காகவே கொண்டுவந்திருக்காங்க!). அந்த டெய்லர் பெண் அதை உள்பக்கமாகத் திருப்பி, தையலை ரொம்ப நேரம் ஆராய்ந்தார். நம்ம தெருமுனை டெய்லர் பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

ஒரு காலையை மட்டும் மீ சனுக்கு ஒதுக்குங்க. ஹோய் ஆனிலிருந்து சுமார் ஒரு மணி நேரக் கார் பயணம். மலைகள் சூழ்ந்த காட்டுப் பள்ளத்தாக்கில் செங்கல் கோபுரங்கள். 4-ம் நூற்றாண்டிலிருந்து 13-ம் நூற்றாண்டு வரை சம்பா அரசர்கள் கட்டிய சிவன் கோயில்கள். அங்கே சிவனுக்கு 'பத்ரேஸ்வரர்' என்று பெயர். லிங்கம், ஆவுடை, நந்தி எல்லாம் நமக்குப் பார்த்ததுமே தெரியும். ஆனா கோபுர அமைப்பு முற்றிலும் வேற. செங்கற்களுக்கு நடுவே சாந்து கண்ணுக்கே தெரியாது. புல் மூடிய பெரிய பள்ளங்களும் கண்ணில் படும். அவை 1969-ல் அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டுகளின் தடம். இங்கே சில கோயில்களைச் சீரமைத்தது நம்ம இந்தியத் தொல்லியல் துறை. 2020-ல் அந்த வேலையின்போதுதான் மணற்கல்லில் ஆன முழு லிங்கம் ஒன்று மண்ணிலிருந்து கிடைத்தது. காலையிலேயே போயிடுங்க. பத்து மணிக்கு மேல் வெயில் நம்ம வேலூர் வெயில்.

மீதி நாள்களில் என்ன செய்வது? ஒண்ணும் செய்ய வேண்டாம். சைக்கிள் எடுத்தால் வயல்களுக்கு நடுவே இருபது நிமிஷத்தில் ஆன் பாங் கடற்கரை. மாலையில் ஆற்றங்கரை. தேதியை மாற்ற முடியும் என்றால் பௌர்ணமியை ஒட்டி வருகிற மாதிரி பாருங்க. அவர்கள் நாள்காட்டியில் 14-ம் தேதி இரவு, பழைய நகரில் மின்விளக்குகளைக் குறைத்துவிட்டுக் காகித விளக்குகளை ஏற்றுவார்கள்.

ரயிலில் வலது பக்கம்

ஹோய் ஆனில் ரயில் நிலையம் கிடையாது. டா நாங்குக்கு வந்து ஹுவே ரயிலைப் பிடிக்கணும். சுமார் 100 கிலோமீட்டர்தான், ஆனா இரண்டரை முதல் மூணு மணி நேரம் ஆகும். பஸ்ஸில் போனால் இதைவிடச் சீக்கிரம் போகலாம். ஆனா பஸ் 2005-ல் திறந்த ஹாய் வான் சுரங்கத்துக்குள் புகுந்து ஆறு கிலோமீட்டர் இருட்டில் ஓடி வெளியே வந்துடும். ரயிலோ அதே மலையைக் கடல் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போகும். வடக்கே போகும்போது கடல் வலது பக்கம். டிக்கெட் எடுக்கும்போதே வலது ஜன்னலைத் தேடுங்க. எதிர்த் திசையில் போனால் இடது.

ஹுவே, 1802 முதல் 1945 வரை ஆண்ட நுயென் மன்னர்களின் தலைநகரம். கோட்டைக்குள் அரண்மனை இருக்கிறது. 1968 போரில் பெரும்பகுதி நொறுங்கி, இப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஊருக்கு வெளியே அரசர்களின் கல்லறைகள், ஏழெட்டு இருக்கும். எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீங்க, கால் போயிடும். து டக் கல்லறை ஒன்று போதும். குளம், பைன் மரங்கள், மண்டபம் என்று அது ஒரு தோட்டம் மாதிரி. மாலையில் ஆற்றங்கரையில் தியென் மு பகோடா. அங்கே ஒரு பழைய ஆஸ்டின் கார் நிற்கும். 1963-ல் சைகோன் வீதியில் தீக்குளித்த பிக்கு திக் குவாங் டக், அன்று வந்து இறங்கிய கார் அது.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஹுவே சொர்க்கம். பௌத்த மடங்கள் நிறைந்த ஊர் என்பதால் சைவ உணவகங்கள் ஏராளம். போர்டில் சி, ஹெச், ஏ, ஒய் என்று நாலு எழுத்து இருக்கிறதா பாருங்க. 'சாய்' என்று சொல்வார்கள், டீ இல்லை, சைவம் என்று அர்த்தம். மற்ற கடைகளில் ''வெஜ்'' என்று மட்டும் சொன்னால், இறைச்சித் துண்டை எடுத்துவிட்டு எலும்புச் சாறில் நூடுல்ஸ் தருவார்கள். மேலே மீன் சாஸ் வேற. போனில் மொழிபெயர்த்து 'மீன் சாஸும் வேண்டாம்' என்று காட்டுங்க. அப்புறம், உப்பு காபி பிறந்தது இந்த ஊரில்தான். பெயரைக் கேட்டு முகம் சுளிக்காமல் ஒரு வாய் குடிச்சுப் பாருங்க.

விசா, நோட்டு, இன்ன பிற

இந்தியர்களுக்கு இ-விசா உண்டு. ஒருமுறை நுழைய 25 டாலர், 90 நாள் வரை தங்கலாம். முகவரி '.கவ்.விஎன்' என்று முடியும் அரசுத் தளத்தில் மட்டும் விண்ணப்பிங்க. தேடினால் முதலில் வரும் பல தளங்கள், இரண்டு மடங்கு வாங்கும் ஏஜென்ட்டுகள். இனிஷியல், அப்பா பெயர் என்று நம்ம பெயர்களில் இருக்கும் குழப்பம் தெரிந்ததுதானே? பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கோ அப்படியே, ஒரு எழுத்து மாறாமல் நிரப்புங்க. எந்த ஏர்போர்ட்டில் நுழையப்போறீங்க என்பதையும் கேட்பார்கள், டா நாங்கைத் தேர்ந்தெடுங்க. மூணு வேலை நாளில் வரும் என்பார்கள். நீங்க இரண்டு வாரம் முன்னாடியே போட்டுடுங்க.

பணத்தில் பூஜ்யங்கள் தலையைச் சுற்ற வைக்கும். ஒரு லட்சம் டாங் என்பது ஏறக்குறைய 340 ரூபாய் என்று மனசில் வெச்சுக்கோங்க. 20,000 நோட்டும் 5 லட்சம் நோட்டும் இரண்டுமே நீலம். ஒன்று ஏறக்குறைய 70 ரூபாய், இன்னொன்று 1,700 ரூபாய். இருட்டில் டாக்ஸிக்காரரிடம் மாற்றிக் கொடுத்தால் முடிஞ்சது. 20,000 நோட்டின் பின்பக்கம் ஹோய் ஆனின் ஜப்பானியப் பாலம் இருக்கும், அதை அடையாளமா வெச்சுக்கோங்க. டாக்ஸிக்கு கிராப் ஆப் இருந்தால் பேரமே இல்லை.

பெட்டியை ஏழு கிலோவுக்குள் அடக்குங்க. ஹோட்டல்களில் துணி துவைத்துத் தருவார்கள், கிலோ கணக்கில். நாலு இரவு ஒரே ஊரில் இருப்பதால் காயவும் நேரம் உண்டு.

கடைசி இரண்டு இரவு

ஹுவேயிலிருந்து ஹோ சி மின் சிட்டிக்கு விமானம்தான் சரி. ஊர்க்காரர்கள் இன்னும் சைகோன் என்றே சொல்கிறார்கள். பைக் வெள்ளத்தில் ரோட்டைக் கடப்பது பெரிய சாகசம். ஓடாதீங்க, நின்று தயங்காதீங்க, ஒரே வேகத்தில் நடங்க, அவங்களே விலகிப் போவாங்க. போர் நினைவு அருங்காட்சியகம் போனால் அன்று வேறெதுவும் வைக்காதீங்க. வெளியே வந்ததும் கொஞ்ச நேரம் யாரோடும் பேசத் தோணாது.

ட்ரூவாங் டின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் அங்கே தொழில் செய்யப் போன நம்ம ஊர் வணிகர்கள் கட்டியது. அவர்களில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் முக்கியமானவர்கள். நாங்கள் போன மாலையில் தமிழர் யாரும் கண்ணில் படவில்லை. வியட்நாமியர்களும் சீனர்களும்தான் கை நிறைய ஊதுபத்தியோடு கண்மூடி நின்றார்கள். அம்மா கொஞ்ச நேரம் அவங்களையே பார்த்துட்டு, தானும் ஒரு கொத்து ஊதுபத்தி வாங்கிப் போய் அந்த வரிசையில் நின்னாங்க.

ஊருக்கு வந்து இந்தப் பிளானைக் காய்ச்சலில் படுத்திருந்த அந்தத் தோழிக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூணாம் நாள், ''அப்போ வடக்கு?'' என்று மட்டும் கேட்டாள். உட்கார்ந்து போட்டோம். ஹனோயில் மூணு இரவு. இரண்டு மணி நேரத்தில் இருக்கும் நின் பின்னில், சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே துடுப்புப் படகு போகும் ஊர், இரண்டு இரவு. ஹா லாங்குக்குப் பக்கத்தில் காட் பா தீவில் மூணு இரவு. கூட்டினால் இதுவும் எட்டு. சாப்பாவை நானே அழித்தேன். அவள் வைத்த நிபந்தனை ஒன்றுதான், தீவில் ஒரு நாள் முழுக்கக் காலியாக இருக்கணும், புயலோ மழையோ வந்து படகு நின்றால் மறுநாள் போக.

நவம்பர் முதல் வாரத்துக்கு டிக்கெட் போட்டாச்சு. தீபாவளி லீவுதான்.